முப்பது அங்குலப் பொந்து

டிவி கம்பெனிக்காரர்கள் திரையை மூலைக்கு மூலை அளக்கிறார்கள். கொத்தனார் சுவரை இடவலமாக அளக்கிறார். இந்த இரண்டு தரப்பும் கலந்து பேசாததன் பலனை எங்கள் வீடு போன மாதம் முழுக்க அனுபவித்தது.

எங்கள் தூத்துக்குடி வீட்டின் முன்னறை பத்துக்குப் பதினொன்று. அதன் மேற்குச் சுவரில் இடப்பக்கம் சாமி அலமாரி, வலப்பக்கம் பின்னறை நிலைவாசல். நடுவில் ஒரு பொந்து. தொண்ணூறுகளில் வீட்டை எடுத்துக் கட்டியபோது 21 அங்குலக் கலர் டிவிக்காக அப்பா வைத்தது. அகலம் முப்பது அங்குலம், உயரம் இருபத்துநாலு, ஆழம் இருபது. மேலும் கீழும் கடப்பைக்கல். ஒன்பது அங்குலச் சுவரில் இருபது அங்குல ஆழம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். மீதிப் பதினொரு அங்குலம் பின்னறைக்குள் பெட்டியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் பாய் தலையணைகளை அடுக்கிவைத்திருக்கிறோம்.

அந்தக் காலத்து டிவிக்கு முதுகு தேவைப்பட்டது. படக்குழாயின் பின்கோடியில் இருக்கும் துப்பாக்கி எலக்ட்ரான்களைச் சுட, அவை வளைந்து திரையின் நான்கு மூலைகளையும் எட்டுவதற்குத் தூரம் வேண்டும். திரை பெரிதாகப் பெரிதாக முதுகும் நீளும். இப்போது வரும் டிவிகளின் முதுகு மூன்று அங்குலம். ஆக, பொந்துக்குள் டிவியை வைத்தது போக மிச்சமிருக்கும் பதினேழு அங்குல ஆழத்தில் பல்லிகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன. ஆழம் கேட்ட காலத்தில் ஆழம் கொடுத்தோம். இப்போது கேட்பதெல்லாம் அகலம்.

பொந்தில் இருந்த பழைய 32 அங்குலத் தட்டை டிவியில் திடீரென்று பச்சைக் கோடுகள் விழுந்தன. வந்து பார்த்த பையன், "பேனல் போயிருச்சு சார். மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிரலாம்" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் வீடு மூன்று கட்சியாகப் பிரிந்தது. மகனுக்கு 55. மனைவிக்கு 43. அம்மாவுக்கு, "இருந்ததே போதும்யா."

எங்கள் வீட்டுக்கு முதல் டிவி வந்தபோது கட்சியே கிடையாது. அதற்கு முன் ஊர்க்கதை கொஞ்சம். சென்னையில் 1975-லேயே தூர்தர்ஷன் நிலையம் வந்துவிட்டது. அது சென்னைக்குத்தான். 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும் தூத்துக்குடி தட்டட்டிகளில் கம்பிகள் முளைத்தன. நடுவில் இருப்பது கடல்தானே, மறிக்க மலையில்லை. தலைநகரம் என்ன ஒளிபரப்புகிறது என்று தெரியாமல், கொழும்பில் எந்த சோப்பு விற்கிறது என்று தெரிந்துகொண்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பிறகு தூர்தர்ஷனின் கொடைக்கானல் டவர் வந்தது. ஒரே குழாயில் ஏரியல் கிழக்கே பார்த்தால் ரூபவாகினி, வடமேற்கே பார்த்தால் சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான ஒளியும் ஒலியும். வெள்ளிக்கிழமை மாலை தட்டட்டியில் ஏறி ஊரே கொழும்புக்கு முதுகைக் காட்டும். உப்புக்காற்றில் அலுமினியக் குழல் பொடிந்து விழுந்தால், மீதி இருக்கும் குழல்களில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு படம்.

அப்பா பள்ளிக்கூடத்தில் எழுத்தர். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு, மின்வாரியத்தில் வேலை பார்த்த மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வி.இ. ரோட்டுக்குப் போனார். மாமாவுக்கு மின்கம்பம் தெரியும், எனவே டிவியும் தெரியும் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. கடையில் சாலிடேர் இருந்தது, டயனோரா இருந்தது. இரண்டும் மெட்ராஸ் சரக்கு. எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் 20 அங்குலம். அப்பாவுக்கு முன் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: ஷட்டர் வைத்ததா, வைக்காததா?

ஷட்டர் வைத்ததை எடுத்தார். அழகுக்காக அல்ல, பூட்டுவதற்காக. மரப்பெட்டியின் இரண்டு பக்கத்திலிருந்தும் தட்டி இழுத்து நடுவில் சாவி போட்டால், முழு ஆண்டுத் தேர்வு முடியும்வரை அது வெறும் மேசை. சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில். இன்று என் மகனின் கையில் இருக்கும் போனைப் பூட்டக் கம்பெனிகள் ஏதேதோ வசதி தருகின்றன. அவன்தான் எனக்கு அதைத் திறந்து காட்டுகிறான்.

டிவியை எங்கே வைப்பது என்பதும் பிரச்சினையாகவில்லை. அம்மாவின் தையல் மிஷின் பின்னறைக்குப் போனது. தாத்தாவின் சாய்வு நாற்காலி திண்ணைக்குப் போனது, கொஞ்ச நாளில் தாத்தாவும் அதோடு போய்விட்டார். அங்கே காற்று நன்றாக வருகிறதாம். திரைக்கு முன் மூன்று நிறப் பிளாஸ்டிக் தாள் ஒன்றையும் மாட்டினார்கள். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. அதற்குப் பெயர் கலர் டிவி. செய்தி வாசிக்கும் அம்மாவின் நெற்றி வானத்தில் இருக்கும், தோள்பட்டையில் புல் முளைத்திருக்கும். தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த அறையில்தான் உட்கார்ந்தோம். அதே பத்துக்குப் பதினொன்று. அன்று அந்த அறை சிறியது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இன்று நாலு பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது, அந்த நாலு பேரில் மூன்று பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும்.

இடத் தகராறு இல்லாமல் வந்த டிவி இன்னொன்றும் உண்டு. 2006 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, ஜெயித்து, வழங்கிய 14 அங்குலக் கலர் டிவி. எந்தக் கம்பெனி, எத்தனை அங்குலம், எங்கே மாட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுப்படி மேடையில்கூட அது உட்கார்ந்துகொண்டது. ஓசியில் வருவது எந்த மூலையிலும் அடங்கிவிடும்.

காசு கொடுப்பவனுக்குத்தான் கஷ்டம். கடைக்குள் நுழைந்தால் ஒரு சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே கிளி. அப்பா காலத்தில் கடைக்காரரை அண்ணாச்சி என்போம். இப்போது இருபது வயதுப் பையன் என்னை சார் என்கிறான். 4கே, கியூலெட், ஹெச்டிஆர், டால்பி என்று அடுக்கினான். "சோபாலருந்து டிவி எவ்வளவு தூரம் சார்?" என்று கேட்டான். ஏழடி இருக்கும் என்றேன். "அப்ப 43 இல்லைன்னா 55 போடலாம். 4கேன்னா கிட்ட உக்காந்தே பாக்கலாம் சார்." கிட்ட உட்கார்ந்தால் கண் அவிந்துபோகும் என்று அடித்துத் தூர இழுத்துப் போட்டார்கள் எங்களை. இப்போது கிட்ட உட்காருவதற்குக் கூடுதல் விலை.

நான் கையில் டேப்போடு போயிருந்தேன். 55 அங்குல டிவியின் அகலம் நாற்பத்தெட்டு அங்குலம், அதாவது நாலடி. மனைவி அந்தக் கட்சியை ஒரே வரியில் முடித்தாள்: "ஏங்க, அதை மாட்டுனா பின்ரூமுக்கு டிவிக்குள்ள புகுந்துதான் போகணும்." அவளுடைய 43-க்கு அகலம் முப்பத்தெட்டு. பொந்துக்குள் போகாது. வெளியே மாட்டலாம் என்றால் மாட்ட வேண்டிய இடத்தில் சுவர் இல்லை, பொந்துதான் இருக்கிறது. ஆசாரி வந்து பார்த்து, பொந்தின் வாயைப் பிளைவுட்டால் அடைத்து அதன்மேல் மாட்டலாம் என்று வழி சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் டிவி இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும். அம்மா சாமி அலமாரிக் கதவைத் திறந்து, டிவி வரப்போகும் இடத்தில் கையை வைத்து மறித்துக் காட்டினார். கதவு பாதியில் நின்றது.

"ஏய்யா, சாமி என்ன ஒத்தக்கண்ணாலயா நம்மளப் பாக்கணும்?"

மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு. பொந்தை இடித்து அகலமாக்கக் கொத்தனாரைக் கேட்டேன். மேலே இருக்கும் கல்லை எடுத்து, தாங்கு கொடுத்து, வயரிங்கை மாற்றி, பூசி, பெயின்ட் அடிக்க அவர் சொன்ன தொகையில் இரண்டு டிவி வாங்கலாம். நிதியமைச்சரான என் மனைவி மொத்தச் செலவுக்கும் விதித்த உச்சவரம்பு இருபதாயிரம்.

ஆக 32. அகலம் இருபத்தெட்டரை. பொந்துக்குள் பக்கத்துக்கு முக்கால் அங்குலம் இடம்விட்டு நிற்கும். கடை வாசலில், ஜிஎஸ்டி குறைந்துவிட்டது, டிவி விலை சரிந்துவிட்டது என்று பெரிய பேனர். எவ்வளவு குறையும் என்று கேட்டேன். பையன் நேர்மையானவன். 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதம் 18 ஆனது 32-க்கு மேற்பட்ட டிவிகளுக்கு. 32-க்கு 2019-லிருந்தே 18-தான். பேனரில் குறைந்தது எதுவும் எங்கள் பொந்துக்குள் நுழையாது.

மகனுக்கு வருத்தம். 32-இல் பெரும்பாலும் 4கே வருவதில்லை. வந்தது ஹெச்டி ரெடி. அவன் வயதில் நான் மூன்று நிறத் தாளைப் பார்த்தேன் என்று சொன்னால் எழுந்து போய்விடுகிறான்.

டிவியை முழுநேரமும் பார்க்கிற ஒரே ஆள் அம்மா. பார்ப்பது பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்தப் படங்களின் சட்டம் நாலுக்கு மூன்று. அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். 32 அங்குலம் என்று காசு கொடுத்து வாங்கியதில் படம் ஓடுவது 26 அங்குலத்தில். மகன் ரிமோட்டில் எதையோ அமுக்கிப் பட்டையை ஒழித்தான். எம்.ஜி.ஆரும் நம்பியாரும் ஒரு சுற்றுப் பெருத்து வந்து சண்டை போட்டார்கள். அம்மா பழையபடி வைக்கச் சொல்லிவிட்டார். உயரத்தை அளந்து பார்த்தேன்: பதினாறு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்பாவின் 20 அங்குல ஷட்டர் டிவியில் அது பன்னிரண்டு. இத்தனை ஆண்டுத் தொழில்நுட்பம் எங்கள் வீட்டு எம்.ஜி.ஆரை நாலு அங்குலம்கூட வளர்க்கவில்லை.

டிவி பதின்மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. மிச்சப் பணத்தில் சவுண்ட்பார் வாங்கலாம் என்றான் மகன். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழே பார்த்து முணுமுணுக்கும், வசனம் கேட்காது என்பது உண்மைதான். அவன் காட்டிய பாரின் நீளம் முப்பத்தைந்து அங்குலம். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து போட்டால், பின்னால் இருக்கும் பதினேழு அங்குல வெற்றிடத்தில் சத்தம் முழங்கிக் கணீரென்று கேட்கிறது. பல்லிகள் என்ன நினைக்கின்றனவோ தெரியாது.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கொத்தனார் வந்து, "டிவிக்கு எங்கண்ணே பொந்து வைக்க?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு பிளக் பாயின்ட்டும் ஐந்தடி வெற்றுச் சுவரும் போதும். சாமி அலமாரியை வேறு சுவரில் வையுங்கள்.