மேட்டூரை டிசம்பர்ல திறந்த தம்பிக்கு

வா தம்பி, உக்காரு. மேட்டூர் நீர்மட்டத்தைக் கம்ப்யூட்டர்ல கோடா வரைஞ்சிருக்கியாமே, காட்டு. அடேங்கப்பா! பின்னாடி கறுப்பு, கோடு நீலம், அதுக்கு அடியில நிழல் வேற. மாப்பிள்ளை அழைப்புக்கு சீரியல் செட் போட்ட மாதிரியில்ல இருக்கு!

அது கெடக்கட்டும். 2020-ல அணையை எப்போ திறந்தாங்க? ஜூன் 12. குறுவைக்குத் தண்ணி விடுற வழக்கமான நாளு. டெல்டாவுல பால் மறக்காத புள்ளைக்கும் தெரியும். நீ என்னடான்னா டிசம்பர்ல அம்புக்குறி போட்டு 'திறப்பு'ன்னு எழுதியிருக்கே. ஏம்ப்பா, கார்த்திகை மாசத்துலயா குறுவை நடுறது?

உன் கோப்புல 12/06/2020-னு இருந்திருக்கும். நாம தேதியை முன்னாடி எழுதுற ஆளுங்க. நீ கோப்பைப் படிக்க விட்ட அந்த பாண்டாஸ் நிரலுக்கு அமெரிக்கப் பழக்கம், மாசந்தான் முன்னாடி. சொல்லாம விட்டா டிசம்பர் 6-ன்னு படிச்சிடும். 'டேஃபர்ஸ்ட்'னு ஒரு வார்த்தை சேர்க்கக் கை வலிச்சுதா? கலர் தேட மட்டும் நேரம் இருந்துச்சாக்கும்.

இன்னும் கேளு. தேதியை வெறும் எழுத்தாவே விட்டா, கோடு வரையுற மேட்பிளாட்லிப் எல்லாத்தையும் சமமா இடம் விட்டு அடுக்கிடும். ஒரு நாள் தள்ளி எடுத்த அளவும் ஒரு மாசம் தள்ளி எடுத்ததும் அதுக்கு ஒண்ணுதான். அளவே எடுக்காத நாளுங்க பட்டியல்ல இல்லேன்னு வையி, இந்தப் புள்ளியையும் அந்தப் புள்ளியையும் நேரா இழுத்துக் கட்டிடும். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசுறதுக்கு நம்ம டீக்கடையிலயே ஆள் போதாதா? அந்த நாளைப் பட்டியல்ல சேர்த்து, மதிப்பைக் காலியா விடு. கோடு அங்க அறுந்து நிக்கும். நிக்கட்டுமே! உனக்கென்ன கௌரவக் குறைச்சல்?

அப்புறம் இந்த ரெண்டு அச்சுக் கூத்து. இடப்பக்கம் நீர்மட்டம் அடியில, வலப்பக்கம் இருப்பு டி.எம்.சி.யில. ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடத்துல வட்டம் போட்டு 'இன்சைட்'டாம். 120 அடின்னாலும் 93.47 டி.எம்.சி.ன்னாலும் அதே அணை ரொம்பினதுதான்யா. வலப்பக்க அளவைக் கொஞ்சம் மாத்திப் பாரு, ஐப்பசியில இருந்த வெட்டு ஆடிக்கு ஓடிடும்.

1786-லயே வில்லியம் பிளேஃபேர்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரன் ஏத்துமதி இறக்குமதியைக் கோடா வரைஞ்சு புத்தகம் போட்டான். அது ஆடவுமில்ல, ஓடவுமில்ல. பாத்தவனுக்குப் புரிஞ்சுது. உன் கோடு மட்டும் ஏன் திரையில இப்படி நெளிஞ்சு நெளிஞ்சு ஓடுது? நிறுத்துப்பா, தலை சுத்துது. பட்டன் எங்க இருக்கு?