ஒருதலைக் காதலும் இரு கால்களும்

சங்கீதத்தில் தீராத மோகமும் சுருதியோடு ஒருநாளும் சேராத சாரீரமும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர்கள் உண்டு; ஜிலேபியின்மேல் உயிரையே வைத்திருந்தும், ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்ட காரணத்தால், அதைத் தூரத்தில் நின்று தரிசிப்பதோடு திருப்தியடைகிறவர்களும் உண்டு. அந்த அபாக்கியவான்களின் ஜாபிதாவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பாதரட்சைகளின்மேல் பால்யம் முதற்கொண்டே அடங்காத பிரேமை. பாதரட்சைகளுக்கோ என் பாதங்களின்மேல் அதே அளவு துவேஷம்.

அந்தப் பாதங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போவதற்கில்லை. குதிகால் பக்கத்தில் அவை சாதுவாகத்தான் ஆரம்பமாகின்றன. நடுவில் புறங்கால் மேடிட்டு உயர்ந்து, விரல்களை நெருங்க நெருங்கப் பனையோலை விசிறியைப்போல் விரிந்து, ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்க விரும்பாத ஐந்து விரல்களாக முடிகின்றன. கட்டைவிரலுக்கு அடுத்த விரல் அதைவிட நீளம். பெண்ணாய்ப் பிறந்திருந்தால், புருஷனை அடக்கி ஆளும் லட்சணம் இது என்று, பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். ஆணாய்ப் பிறந்த என் விஷயத்தில் அவ்விரல் இதுவரை யாரையும் ஆண்டதாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு இடது கால் வலது காலைவிடச் சற்றுப் பெரிது. மனிதர்களில் அநேகருக்கு இரண்டு பாதங்களும் அச்சொட்டாய் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது வாஸ்தவமே. ஆயினும் கடைகளில் ஜோடு என்பதை ஜோடியாகத்தான் விற்கிறார்கள்.

இருந்தும் காதல் குறைந்தபாடில்லை. அட்டைப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் மெல்லிய காகிதம் சரசரக்க, உள்ளே ஒன்றின் தலைமாட்டில் மற்றொன்றின் கால்மாடு இருக்கும்படி படுத்திருக்கும் அந்த இரட்டையரைப் பார்ப்பதும், தோலும் மெருகும் கலந்து எழுகிற அந்த வாசனையை யாரும் கவனியாத சமயத்தில் ஒருமுறை ஆழ்ந்து முகர்வதும், முனையில் ஓடும் நுண்ணிய தையலை விரலால் வருடிப் பார்ப்பதும் எனக்கு எந்தக் கச்சேரியிலும் கிட்டாத ஆனந்தம். சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகு, காலை உள்ளே நுழைக்கும் கட்டத்தில்தான்.

எட்டாம் நம்பரில் என் கால் பாதி வழியிலேயே நின்றுவிடும். ஒன்பதில் சிரமப்பட்டு நுழையும். ஆனால் சுண்டுவிரல் அலறும். பத்தில் அகலம் அற்புதமாய்ப் பொருந்தும். முன்பக்கத்தில் மட்டும் ஒரு சிறு குடித்தனத்தை வாடகைக்கு வைக்கலாம் போல இடம் காலியாய்க் கிடக்கும். அப்போது, காலின்முன் மணையில் அமர்ந்திருக்கும் சிப்பந்தி, தலைமுறை தலைமுறையாய் எல்லாக் கடைச் சிப்பந்திகளும் உச்சரித்துவரும் அந்த மகாவாக்கியத்தை எடுத்து விடுவார்: “கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும் சார், போடப் போடச் சரியாயிடும். சுத்தமான தோல், விட்டுக்குடுக்கும்.” தோல் விட்டுக்கொடுத்தது என்பதை நான் மறுக்கவில்லை, அது என் குதிகாலில் இருந்த சொந்தத் தோல் என்பது மட்டுமே என் ஆட்சேபம்.

‘புதுச் செருப்புக் கடிக்கும்’ என்று ஜெயகாந்தன் ஒரு சிறுகதைக்குப் பெயரிட்டார். அவர் சொன்னது இல்லறத்தைக் குறித்து. நான் சொல்வது செருப்பைக் குறித்தே. என் செருப்புகள் பழசான பிறகும் கடித்தன. தேங்காயெண்ணெய் தடவினேன், மெழுகுவத்தியைத் தேய்த்தேன், ஈரக் காகிதத்தை உருட்டி உள்ளே திணித்து இரவு முழுதும் வைத்துப் பார்த்தேன். மறுநாள் காலையில் ஜோடு இருந்தபடியே இருந்தது, காகிதம் மட்டும் காய்ந்திருந்தது.

இந்த நம்பர் என்பதுதான் என்ன என்று ஒருநாள் வயிற்றெரிச்சலோடு ஆராயத் தொடங்கினேன். ஆங்கிலேயர் கணக்கில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், மூன்று மணிகளை வரிசையாய் வைத்தால் ஓர் அங்குலம் என்பது அவர்களுடைய பழைய ஏற்பாடு. ஐரோப்பாவில் வழங்கும் கணக்கில் இதுவே ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக, யாரோ ஒரு சீமைக் குடியானவன் வயலில் விளைந்த தானியத்தைக் கொண்டு என் காலை அளந்திருக்கிறார்கள். அதுவும் நீளத்தை மாத்திரம்! அகலத்துக்கு என்று தனியே ஆங்கில எழுத்துகளால் ஆன ஓர் அளவு உண்டு. அமெரிக்காவில் சைரக்யூஸ் நகரத்துச் சார்லஸ் பிரானக் என்பவர் 1920-களிலேயே நீளம், அகலம் இரண்டையும் ஒருசேர அளக்கும் உலோகக் கருவி ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டார். நம் ஊர்க் கடைவீதியை அது இன்னும் வந்து சேரவில்லை. வழியில் எங்கேனும் செருப்புக் கடித்து உட்கார்ந்துவிட்டதோ என்னவோ!

முன்னோர் பட்ட பாட்டை நினைத்து ஆறுதல் அடையவும் இடமுண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் அணிந்த ஜோடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இடது, வலது என்ற பேதமே கிடையாது. எந்தக் காலையும் எதிலும் நுழைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் காலத்துப் பிரபுக்களின் சித்திரங்களில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லாததன் காரணத்தை இவ்விடத்தில் தேடலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

என் காதலிலும் படிநிலைகள் உண்டு. உச்சியில் வீற்றிருப்பது ஆக்ஸ்போர்டு. நாடா கோக்கும் இரண்டு மடல்களும் முன்தோலுக்கு அடியில் வைத்துத் தைக்கப்பட்டு, மேலே ஒரு மெல்லிய கோடாய் மட்டும் தெரிகிற அந்தக் கம்பீரத்துக்கு நிகர் இல்லை. ஆனால் அந்த அமைப்பின் காரணமாகவே அது ஓரளவுக்குமேல் வாயைத் திறக்காது. மேடிட்ட புறங்காலைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்ளும். அதன் தங்கை முறையான டெர்பியில் மடல்கள் முன்தோலின் மேலே தைக்கப்பட்டிருப்பதால், நாடாவைத் தளர்த்தினால் தாராளமாய்ப் பிரிந்து இடம் கொடுக்கும். எனவே, வாலிபத்தில் அக்காளைக் காதலித்து நடுவயதில் தங்கையோடு குடித்தனம் நடத்துகிறவனாகிவிட்டேன். குடித்தனத்தில் குறையொன்றும் இல்லை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அக்காள் தென்படும்போது மட்டும் நடை சற்றுத் தாமதப்படும்.

பொருந்தாத பாதரட்சையிடம் பக்தி செலுத்துவது நம் தேசத்துக்குப் புதிதல்ல. பரதன் இராமனுடைய பாதுகைகளைச் சிரமேற் கொண்டுவந்து 14 வருஷம் அரசாள வைத்தானே, ஒருநாளாவது போட்டுப் பார்த்தான் என்று வரலாறு உண்டா? விவேகி! ஸ்ரீரங்கநாதனின் பாதுகையைக் குறித்து வேதாந்த தேசிகர் ஒரே இரவில் 1,008 சுலோகங்கள் பாடியதாக ஐதிகம். காந்தியடிகளோ தென்னாப்பிரிக்கச் சிறையில் தம் கையால் தைத்த செருப்பைத் தம்மைச் சிறையிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கே 1914-இல் அன்பளிப்பாய் அனுப்பினார். அதை அவர் பல கோடைகாலங்களில் அணிந்து, 1939-இல் காந்தியடிகளின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டித் திருப்பி அனுப்பினார். சரித்திராசிரியர்கள் இதில் அஹிம்சையின் மகிமையைக் காண்கிறார்கள். எதிராளியின் கால் அளவு காந்திக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

இந்தத் துர்ப்பாக்கியத்திலும் ஓர் அனுகூலம் உண்டு என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் மற்றவர்கள் புதுச் செருப்பைப் பறிகொடுத்து வெறுங்காலோடு வீடு திரும்புகையில், என்னுடையது விட்ட இடத்திலேயே விசுவாசமாய்க் காத்திருக்கும். ஒருமுறை யாரோ அதைப் போட்டுக்கொண்டு சிறிது தூரம் போய், யோசித்து, தேர்முட்டி அருகே விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த அன்பருக்கும் அன்று சுண்டுவிரல் இருந்தது போலும்.

கடைசியில் என் கால்களுக்கு நியாயம் வழங்கியவர், பஸ் நிலையத்தை அடுத்த புங்கமரத்தடியில் தொழில் நடத்தும் பெரியவர். பழைய தினசரித் தாள் ஒன்றை விரித்து, “ரெண்டு கால்லயும் பாரம் போட்டு நில்லுங்க, உக்காந்து அளவு குடுத்தா கால் பொய் சொல்லும்” என்றார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் குதிகாலில் தொடங்கி ஓரத்தோடு ஓரமாய்க் கோடு இழுத்து வந்தார். விரலிடுக்குகளில் பென்சில் புகுந்தபோது கூச்சம் தாளாமல் நான் நெளிந்தேன். “ஆடாதீங்க, அரை இஞ்ச் போயிடும்” என்று அதட்டினார். இரண்டு சித்திரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஏதாவது பரிதாப வார்த்தை சொல்வார் என்று நான் காத்திருக்க, “காலுக்கு என்னங்க குறை? மண்ணைப் புடிச்சு நடந்த கால்” என்று ஒரே வரியில் தீர்ப்பளித்துவிட்டு, கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டலானார். லாரி டயரை அடியாய் வைத்து அவர் தைத்துக் கொடுத்த செருப்பில் பத்துப் பொருத்தமும் இருந்தது. லட்சணம் ஒன்றுதான் இல்லை.

பெரியவரின் தீர்ப்பை இப்போது விஞ்ஞானமும் ஊர்ஜிதம் செய்திருக்கிறது. 1948-இல் தோன்றி அடையாற்றில் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தேசமெங்கும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியப் பாதம் சீமைப் பாதத்தைவிடப் பொதுவில் அகலம் கூடியது என்று கண்டு, ‘பா’ என்ற பெயரில் நமக்கென்றே ஓர் அளவுமுறையை வகுத்திருக்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தயாராகும் ஜோடுகள் கப்பலேறிப் போய் ஐரோப்பியர் காலில் கச்சிதமாய்ப் பொருந்துகின்றன. அவை உருவான இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வசிக்கிறவன் காலுக்கும் இனி ஓர் அச்சுக்கட்டை கடையப்படும் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன்.

ஆகவே கடைக்காரக் கனவான்களே, அடுத்தமுறை நான் வரும்போது “எத்தனாம் நம்பர்?” என்று கேட்பதோடு நின்றுவிடாமல், ஒரு டேப்பை எடுத்து அகலத்தையும் அளந்து பாருங்கள். ஆக்ஸ்போர்டு ஒன்று கறுப்பில் வேண்டும். விலையைப் பற்றி நான் பேரம் பேசுவதில்லை.