கொம்பில் பிறந்த ஒயின்

லண்டனில் சிவப்பு ஒயின் வாங்கப் போனேன். கடைக்காரர் ருசியைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாணத்தைப் பற்றித்தான் பேசினார். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, வசந்தத்தில் தோண்டியெடுத்து, தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கித் திராட்சைத் தோட்டத்தில் தெளிப்பார்களாம். 1924-இல் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் சொல்லிக்கொடுத்த வித்தை. இதையே நம்மூர்த் தாத்தா சொன்னால் மூடநம்பிக்கை. பிரான்சில் செய்தால் பயோடைனமிக், விலையும் கூடுதல். இத்தனைக்கும் ஸ்டைனர், மது ஆன்மாவுக்கு ஆகாது என்றவர்.

அடுத்துக் கடைக்காரர் காட்டியது தென்னாப்பிரிக்க ஒயின். ஸ்டெல்லன்போஷில் ஒரு பண்ணையில் வாத்துப் படையொன்று வரிசையாக வேலைக்குப் போய் நத்தை பொறுக்குகிறது. இனத்தின் பெயர் ‘இந்தியன் ரன்னர்’. பூர்வீகமோ இந்தோனேசியத் தீவுகள். லேபிள் விஷயத்தில் வாத்தும் ஒழுங்கில்லை.

“அப்போ மருந்தே அடிக்கிறதில்லையா?”

“பூஞ்சைக்குச் செம்பு மட்டும்.”

அந்த ‘மட்டும்’, ஐரோப்பிய விதிப்படி, ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ வரை போகலாம். மண்புழுவுக்கு லேபிள் படிக்கத் தெரியாதது நல்லதாயிற்று.

கடைசியில் சிலி நாட்டு ஆர்கானிக் ஒன்றை வாங்கினேன். குடித்து முடித்ததும் காலிப் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 900 கிராம். உள்ளே இருந்தது 750 மில்லி. பூமியைக் காப்பாற்றும் ஒயினைவிட, அதைச் சுமந்துகொண்டு பாதி உலகம் சுற்றிவந்த கண்ணாடிதான் கனம்.