செங்கடலுக்குக் கப்பல், மலைக்குத் தடையுத்தரவு

கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. 2024 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார்: யேமனின் ஹூதிக் கிளர்ச்சியாளர்களிடமிருந்து உலக வர்த்தகத்தைக் காக்க நம் கடற்படைக் கப்பல் செங்கடலுக்குப் போகும். செலவையும் அவரே சொன்னார், இரண்டு வாரத்துக்கு 250 மில்லியன் ரூபாய்.

சட்டம் இடம் கொடுக்குமா? பொது நிதி பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் என்கிறது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை. பாராளுமன்றம் ஒதுக்கியதைத்தான் நிதி அமைச்சர் கையெழுத்திட்டு எடுக்கலாம் என்கிறது 150ஆவது. அப்போது நிதி அமைச்சர் யார்? ரணில். பாதுகாப்பு அமைச்சர்? அவரேதான். முப்படைத் தளபதியும் அவர். கேட்பவர், கொடுப்பவர், அனுப்புபவர் மூவருக்கும் அப்படியொரு ஒற்றுமை!

ஐ.நா. அமைதிப் படைக்கு ஆள் அனுப்பினாலாவது தலைக்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் திரும்பி வரும். இதுவோ அமெரிக்கா கூட்டிய படை. அந்த அமெரிக்கா, அமைதிப் படைச் செலவில் 25 வீதத்துக்கு மேல் தரமாட்டோம் என்று 1994லேயே சட்டம் போட்டுக்கொண்டது. பணக்காரன் எண்ணித்தான் கொடுப்பான்.

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் அப்போது ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1,000 ரூபாய். கப்பலுக்கான அந்த 250 மில்லியன், இரண்டரை இலட்சம் பேர். அந்த ஆயிரமும் சும்மா வரவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடைக்குக் கழிவு, ஈரக் கொழுந்துக்குக் கழிவு; கிலோ குறைந்தால் அரைப் பேர்.

அந்த ஆண்டு மே தினத்தில் கொட்டகலை மேடையேறி 1,700 ரூபாய் என்றார் அதே ஜனாதிபதி. தோட்டக் கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,700 தேய்ந்து 1,350 ஆனது.

"சம்பளம் கம்பனி கொடுப்பது, கப்பல் அரசாங்கம் விடுவது, இரண்டையும் முடிச்சுப் போடாதே" என்பார்கள் கொழும்புக் கனவான்கள். அரசாங்கத்துக்கு ஏது காசு? கப்பலை அறிவித்த அதே ஜனவரியில்தான் வற் வரி 18 வீதமானது. லயத்துப் பெண் வாங்கும் சவர்க்காரக் கட்டியிலும் அந்தக் கப்பலுக்கு எண்ணெய் இருக்கிறது. அவளுடைய 700 ரூபாய் உயர்வை மறிக்க வழக்கறிஞர், மனு, தடையுத்தரவு எல்லாம் உண்டு. 250 மில்லியனை மறிக்க ஒரு கங்காணிகூட இல்லை.

நுவரெலியா மாவட்டத்து எம்.பி.மாரே, அடுத்த கப்பல் கிளம்புமுன் சபையில் எழுந்து கேளுங்கள்: எந்தத் தலைப்பில் ஒதுக்கிய காசு, யார் கை தூக்கி ஒதுக்கியது?