வௌவாலுக்கு ஒரு சந்தா

என் வலது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் இருக்கிறது. இடது காது கௌரவ உறுப்பினர். கண்ணாடி மாட்ட உதவும், மற்றபடி கூட்டங்களில் கலந்துகொள்வதில்லை.

இது தெரிந்தும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, பாட்டெல்லாம் எந்தக் குவாலிட்டில கேக்கறீங்க?"

"128 கிலோபிட் எம்.பி.3."

அவன் முகம் வெளிறிவிட்டது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் சங்கீதமே இல்லை என்பது அவன் மதம். மறுவாரம் உள்ளங்கை அகலத்தில், டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் 'டேக்' என்று ஒரு பெட்டியோடு வந்தான். என் போனில் லாஸ்லெஸ் சந்தாவும் கட்டிவிட்டான். பெட்டியின் விலையை என்னிடம் சொன்னான், அக்காவிடம் சொல்லவில்லை.

சங்கதி என்னவென்றால், காதுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ப்ராசஸர் 8 கிலோஹெர்ட்ஸ் சொச்சத்துக்கு மேல் எதையும் வாங்கிக்கொள்ளாது. அவனுடைய ஃபைலோ 96 வரை போகும். அவ்வளவு உயரத்தில் கேட்கும் ரசிகர் வௌவால்தான். ப்ராசஸர் வாங்கியதைப் பங்கு பிரித்து, காக்ளியாவுக்குள் செருகியிருக்கும் 22 மின்முனைகள் வழியாக நரம்பைத் தட்டுகிறது. (12, 16 என்றும் உண்டு, கம்பெனியைப் பொறுத்தது.) உங்கள் காதில் இதே வேலைக்கு ஏறக்குறைய 3500 உள் மயிர்ச்செல்கள். தெருவில் பன்னிரண்டு அங்குலக் குழாய் பதித்தாலும் என் வீட்டுக்குள் வருவது அரை அங்குலக் குழாய்தான்.

எம்.பி.3க்கும் எனக்கும் சின்ன மனத்தாங்கல் உண்டு. மனிதக் காது எதைக் கவனிக்காதோ அதைக் கழித்துவிடுவதுதான் அதன் சூட்சுமம். அந்த மனிதர் பட்டியலைத் தயாரிக்கும்போது என்னை யாரும் கலந்துகொள்ளவில்லை. போகட்டும். 32க்கு இறக்கினால் பாடகர் தண்ணீருக்கடியில் உட்கார்ந்து பாடுவது எனக்கே தெரிகிறது. 128க்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் தெரியவில்லை.

ராகங்களைப் பொறுத்தவரை நான் சமத்துவவாதி. கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் இடையே நிற்பது ஒரே ஒரு மத்தியமம். அந்தச் சின்ன இடைவெளியை என் மின்முனைகள் சட்டை செய்வதில்லை. 'நிதி சால சுகமா' என்று சொல் விழுந்தால் கல்யாணி என்று தலையாட்டுவேன். சொல் விழாவிட்டால் பக்கத்து நாற்காலி மாமாவின் உதட்டைப் பார்ப்பேன். தம்புராவின் பாடு இன்னும் பரிதாபம்: மாறாமல் ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று ப்ராசஸரின் வடிகட்டி அமுக்கப் பார்க்கும். அதற்குத் தம்புராவும் ஏசியும் ஒன்று.

ஆனால் தாளம் மட்டும் சிந்தாமல் வந்து சேரும். 1978இல் மெல்போர்னில் டாக்டர் கிரேம் கிளார்க், தாம் இம்ப்ளான்ட் பொருத்திய முதல் நோயாளி ராட் சாண்டர்ஸுக்கு அதன் வழியாகப் பிரிட்டிஷ் தேசிய கீதத்தைப் போட்டதும், மனிதர் விறைப்பாக எழுந்து நின்றாராம். பிட்ரேட் என்ன என்று விசாரிக்கவில்லை.

சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் கேன்டீனுக்குக் கிளம்பும். எனக்கோ அப்போதுதான் கச்சேரியே ஆரம்பம். மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழும். கோர்வை சமத்தில் வந்து உட்காரும்போது என் தொடையில் அடி பலமாகவே விழும். முழங்காலை இடித்துக்கொண்டு வெளியே போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. 3500 செல்லையும் வைத்துக்கொண்டு அடை அவியலுக்குப் போகிறார்களே!

ஆகவே எத்தனை பிட் என்று நான் பார்ப்பதில்லை. எத்தனை பேர் என்று பார்க்கிறேன். ஒரு குரல், ஒரு மிருதங்கம் என்றால் உத்தமம். கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டு ராஜபோகம்: குரல் முன்னால் வந்து நிற்கும், பக்கவாத்தியம் மரியாதையாக ஒதுங்கியிருக்கும். அக்கா மகனுக்கு அதில் கீறல்தான் கேட்கிறது. வயலின் பட்டாளம் புகுந்த சினிமாப் பாட்டுதான் எனக்கு வம்பு. 1800 வாக்கில் வோல்டா தம் காதுகளில் கம்பி செருகி, சொந்த பேட்டரியின் மின்சாரத்தை ஏற்றிப் பார்த்துவிட்டு, கெட்டியாக ஏதோ கொதிப்பதுபோல் கேட்டதாக எழுதிவைத்தார். ஆர்கெஸ்ட்ரா விஷயத்தில் அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை.

உருப்படியாக நான் மாற்றியது போன் செட்டிங்ஸில் 'மோனோ' என்ற ஒன்றை மட்டும்தான். ஸ்டீரியோவில் விட்டால் பாதிப் பாட்டு கௌரவ உறுப்பினருக்குப் போய்விடும். மற்றதெல்லாம் மேப்பிங் செய்யும் ஆடியாலஜிஸ்ட் கையில். அந்தம்மா ஒரு மின்முனையை லேசாகத் திருத்தினால் கிடைக்கிற லாபம் எந்தப் பெட்டியிலும் கிடைக்காது.

பெட்டியை அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான். சந்தா ஓடுகிறது. நிமிஷத்துக்கு ஒரு எம்.பி. போதும் என்கிற ஆளுக்கு எதற்கு இந்தத் தண்டம், நிறுத்திவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அதுல கைய வெக்காதீங்க. சீரியல் டைட்டில் பாட்டு இப்பதான் நல்லா கேக்குது."