நடை தாண்டி வந்த நாய்

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கிழட்டு நாயைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. குட்டி உண்டு, காட்டுக்குப் போகும் வாலிப நாய் உண்டு, களத்தில் காவல் கிடக்கும் நாய் உண்டு. காது கேளாமல், கண் மங்கி, பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடக்கிற நாய் மட்டும் கிடையாது. அந்த வயசு வரைக்கும் அவை உயிரோடு இருந்ததில்லை. பாம்பு கடித்துச் சாகும், சொறி முற்றிச் சாகும், கழுகுமலை ரோட்டில் லாரி அடித்துச் சாகும். வெறி பிடித்துவிட்டது என்று யாராவது சொல்லிவிட்டால், உண்மையா என்று பார்க்க நேரமில்லாமல் கம்பெடுத்து அடித்தே கொன்றுவிடுவார்கள்.

தாத்தா வளர்த்த எல்லா நாய்க்கும் மணி என்றுதான் பெயர். ஒரு மணி போனால் அடுத்த வெள்ளாமைக்குள் இன்னொரு மணி வந்துவிடும். கூப்பிடுகிற பெயர் மாறாததால் வீட்டில் யாரும் பெரிதாக அழவும் இல்லை. நான் அழுதிருக்கிறேன். "நாய்க்குப் போயி அழுவாகளா, எந்திரிய்யா" என்று ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிடுவார்.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, செவலும் கரிசலும் கலந்து கிடக்கிற மானாவாரி பூமி எங்களுடையது. அப்போது திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். மேற்கே மலை தெரியும், மழை தெரியாது. பருத்தி, மிளகாய், கம்பு, சோளம் என்று விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற பிழைப்பு. அந்தக் காட்டில் ஓடுவதற்கென்றே உருவானவை தாத்தாவின் மணிகள். கன்னி வகை. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பழுப்புப் பொட்டு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் வட்டாரத்தில் முயல் விரட்ட வளர்த்த இனம் அது. விருதுநகர் மாவட்டத்துக் கிராமத்தின் பெயரைத் தாங்கிய சிப்பிப்பாறை நாயும் இதற்குப் பங்காளி முறைதான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ராஜபாளையம். அங்கே வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக இன்னொரு பேர்பெற்ற இனம். இவ்வளவு நாய்ப்பெருமை சுற்றி இருந்தும், மணிக்குக் கிடைத்தது கம்மங்கூழும் சோளக்களியும்தான். முயல் அகப்பட்ட அன்று குடல் கிடைக்கும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் எங்கள் பக்கம் முயல் வேட்டை பல வருஷம் நின்றபாடில்லை. பிறகு ஒருவழியாக நின்றது, நல்லதுதான். ஆனால் வேட்டை நின்றதும் அந்த நாய்களுக்கு வேலையும் போயிற்று, வேலையோடு சேர்ந்து கொஞ்சநஞ்ச மதிப்பும் போயிற்று.

வீட்டில் நாய்க்கு எல்லை நடை. திண்ணை வரை வரலாம், நடையைத் தாண்டக் கூடாது. மார்கழிப் பனியிலும் சாம்பல் குவியலில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு வெளியேதான் கிடக்கும்.

பூனைக்கு எல்லை இல்லை. அடுப்படியில் குலுக்கை நிற்கும். மண்ணால் வனைந்து சாணி மெழுகிய ஆளுயரக் கலம். உள்ளே கம்பும் குதிரைவாலியும் அடுத்த பட்டத்துக்கான விதையும். எலி புகுந்தால் சாப்பாடும் போகும், அடுத்த வருஷ வெள்ளாமையும் போகும். அதனால் பூனை வீட்டுக்குள் எங்கும் போகலாம், எதன் மீதும் ஏறலாம். ஆனால் சோறு வைக்க மாட்டார்கள். வயிறு நிறைந்தால் எலி பிடிக்காது என்று நம்பிக்கை. அது தப்பு. பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே எலி ஓடினாலும் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பாயும். அந்த நம்பிக்கையால் எங்கள் வீட்டில் எத்தனை பூனைகள் எலும்பும் தோலுமாகக் கிடந்தன என்று நினைத்தால் இப்போதும் வலிக்கிறது.

பயம் ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி. பதினான்கு என்பார்கள். ஆட்டு மூளையில் தயாரான தடுப்பு மருந்து அது. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் அதைப் பல காலம் தயாரித்து அனுப்பியது. எங்கள் தெருவில் ஒரு பையன் தினமும் டவுன் ஆஸ்பத்திரிக்கு நடந்து போய் வயிறு வீங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஊசிக்குப் பயந்து கடிபட்டதையே மறைத்த பிள்ளைகள் உண்டு. மறைத்தால் என்ன ஆகும் என்பது அந்த வயசில் தெரியாது. 2004 கடைசியில் இந்தியா அந்த மருந்தை நிறுத்திவிட்டது. இப்போது கையில் போடுகிற ஊசி, நாலைந்து தவணை, அவ்வளவுதான். நாய்க்கும் வருஷத்துக்கு ஒரு ஊசி போதும். நாய்க்கும் மனுஷனுக்கும் நடுவில் இருந்த பெரிய சுவர் அந்த ஊசியால் இடிந்தது என்று நான் நினைக்கிறேன். நாய் நடை தாண்டி உள்ளே வந்ததற்கு அன்பு மட்டும் காரணமில்லை. தைரியமாக உள்ளே விட முடிந்ததும் காரணம்.

இப்போது வீட்டில் இருப்பவன் துரை. அதே கன்னி சாயல், முழு இனம் என்று சொல்ல முடியாது. பெயர் என் மகள் வைத்தது. தடுப்பூசி அட்டையிலும் அதுதான். எங்கள் வீட்டில் தனக்கென்று சொந்தப் பெயர் வாங்கிய முதல் நாய் அவன். பதிமூன்று வயசு நடக்கிறது. கண்ணில் நீலம் பாய்ந்த மங்கல், முகவாயில் நரை. கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. சாயங்காலம் சென்னைக்குப் போகிற பொதிகை எக்ஸ்பிரஸ் கூவினால் ஒரு காலத்தில் கூடவே ஊளையிடுவான். இப்போது ரயில் போனது அவனுக்குத் தெரிவதில்லை.

திண்ணை வைத்த ஓட்டு வீடு போய் காங்கிரீட் வீடு வந்துவிட்டது. குலுக்கை உடைந்து பல வருஷம் ஆகிறது. கம்பு விளைந்த இடத்தில் மக்காச்சோளம் விளைகிறது, அது கோழித் தீவனத்துக்கு லாரி ஏறுகிறது, எங்களுக்கு அரிசி ரேஷன் கடையில் இருந்து வருகிறது. அரசாங்கம் 2011இல் தொடங்கி மிக்சி, கிரைண்டரோடு விலையில்லாமல் கொடுத்ததே ஒரு மேஜைக் காத்தாடி, அது எங்கள் வீட்டில் இன்னும் சுற்றுகிறது. தாத்தாவின் கட்டில் கிடந்த மூலையில், அந்தக் காத்தாடிக்கு எதிரே துரை படுத்திருக்கிறான்.

அம்மா ஒருநாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நாய் நடையத் தாண்டுனா வீட்டுக்கு ஆகாதுன்னு ஒங்க தாத்தா சொல்லுவாக. இப்பம் அவுக படுத்த எடத்துலயே படுத்துக் கெடக்கான் பாரு. கெடக்கட்டும். அவுக இருந்தாலும் இவனப் பாத்தா எந்திரின்னு சொல்ல மாட்டாக."

அவனுடைய நிம்மதியைக் கெடுக்க ஒருத்தி வந்து சேர்ந்தாள். சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். காட்டன் சேலை நெய்கிற சத்தம் இல்லாத தெரு டவுனில் குறைவு. தம்பியின் தறிக்கூடத்தில் தார்க்குச்சி போட்டு வைக்கும் பெட்டிக்குள் ஒரு வரிப்பூனை குட்டி போட்டது; அதில் ஒன்றை அம்மா மடியில் கட்டிக் கொண்டுவந்தார். சின்னு. எலி பிடிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை, ஆனால் எலி பிடிக்கும் வித்தை முழுவதும் உடம்பில் இருக்கிறது. அதை எங்கே காட்டுவது? துரையின் வாலில் காட்டுகிறாள். பொழுது சாயும் நேரம் பூனைக்கு ரத்தம் சூடேறும் நேரம். திரைச்சீலைக்குப் பின்னால் பதுங்கி, பின்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டி, ஒரே தாவு. வாலைக் கவ்வி உதைத்துவிட்டு அலமாரி மேல் போய் உட்கார்ந்துகொள்வாள். துரை தலையைத் தூக்கிப் பார்ப்பான். எங்கே போனாள் என்று அவன் கண்ணுக்குத் தெரியாது. மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொள்வான். முதலில் இதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கவனித்தபோதுதான் தெரிந்தது, அவள் வராத சாயங்காலங்களில் அவன் எழுந்து தட்டுத்தடுமாறி வீட்டைச் சுற்றித் தேடுகிறான். நாள் முழுவதும் அசையாமல் கிடக்கிற அவனுடைய மூட்டுகளுக்கு அந்த நடைதான் மருந்து.

சாப்பாட்டில்தான் சண்டை. துரைக்குக் குழைந்த சோறும் அவித்த முட்டையும். அவன் மோந்து கண்டுபிடிப்பதற்குள் மஞ்சள் கருவை அவள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் அவன் தின்று முடிக்கும் வரை அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சிவன் பெரியவரா விஷ்ணு பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் வழக்காடிக் கோமதி அம்மனிடம் போன கதைதான் எங்கள் கோயிலின் கதை. ஒரே உருவில் சங்கரநாராயணராகக் காட்சி தந்து சாமி அந்த வழக்கைத் தீர்த்தார் என்று ஆடித்தபசு கொண்டாடுகிறோம். "ஒங்க வழக்கத் தீக்க எந்தச் சாமி வரும்?" என்று அம்மா இரண்டு பேரையும் பார்த்துக் கேட்பார். வழக்கு தீர்ந்த இடம் காத்தாடிக்கு முன்னால்தான். மத்தியான வெயிலில் இரண்டும் ஒரே கோணியில் முதுகோடு முதுகாகத் தூங்கும்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. மாட்டு மந்தைக்காக நடந்த தொறுப்பூசலில் இறந்த வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லை நினைக்கும்போதெல்லாம் பெருமையாகத்தான் இருக்கிறது. கூடவே ஒன்று தோன்றும். நாம் எப்போதும் சண்டை போட்ட நாயைத்தான் நினைவில் வைத்தோம். காவல் காத்துக் காத்து, சண்டை எதுவும் வராமலே கிழடாகிப்போன நாய்க்கு நாம் என்ன செய்தோம்? துரை பிடித்த கள்ளன் யாரும் இல்லை. அவன் வாசலில் இருந்ததால் கள்ளன் வரவில்லை.

முன்பு மணிக்குக் காயம் பட்டால் ஆச்சி கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவார். இன்றும் அம்மா பூசுகிறார். மாட்டாஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த பிறகு. திருநெல்வேலிக்குப் போகிற எங்கள் ரோட்டிலேயே ராமையன்பட்டியில் 2012இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது எங்கள் வட்டாரத்துக்குக் கிடைத்த பெரிய உதவி. மூட்டு வலிக்கு எடைக்குத் தகுந்த மருந்து, வழுக்காமல் நிற்கத் தரையில் கோணி, நகம் வெட்டுவது, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று வேளை சாப்பாடு: கிழட்டு நாய்க்கு வேண்டியது இவ்வளவுதான். வேண்டாததையும் சொல்லிவிடுகிறேன், இதில் உயிர் போகிறது. நமக்குப் போடுகிற காய்ச்சல் மாத்திரையைப் பாவம் பார்த்துப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றப் பூனையின் ஈரலால் முடியாது. ஒரே மாத்திரை கொன்றுவிடும். நாய்க்கும் நம் வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறு இரண்டுக்கும் ஆகாது. தறி இருக்கிற வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: பூனைக்குட்டி நூலோடு விளையாடுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நூலை விழுங்கினால் அது குடலைச் சுருக்கி அறுத்துவிடும். சின்னுவுக்கு நாங்கள் கொடுப்பது கசக்கிய காகிதப் பந்து.

எங்கள் பக்கத்து நாய்களுக்கு இப்போது பேர் வந்திருக்கிறது. 2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020இல் பிரதமர் வானொலியில் கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். அதே காலத்தில் தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனமாகப் பதிவு செய்தது. தாத்தா கூழ் ஊற்றி வளர்த்த நாயின் குட்டியைக் கேட்டு இன்று சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து கார் வருகிறது. சந்தோஷம்தான். ஆனால் ரோட்டோரத்தில் இப்போது ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, கழுத்தில் பழைய பட்டையோடு நிற்கிற நாய்களையும் பார்க்கிறேன். ஓட இடமில்லாத வீட்டில் வளர்த்து, அடக்க முடியாமல் அவிழ்த்து விட்டவை சில. வயசானதும் கொண்டுவந்து இறக்கிவிடப்பட்டவை சில. வெள்ளை நிறத்துக்காகவே இணை சேர்த்ததில் பிறவியிலேயே காது கேளாமல் போன ராஜபாளையம் குட்டிகளும் விலைபோகாமல் தள்ளப்படுகின்றன.

குட்டி கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். இந்த நாய் பன்னிரண்டு, பதினான்கு வருஷம் இருக்கும். ஓடுவதற்குக் காடோ தோட்டமோ வேண்டும், வருஷம் தவறாமல் வெறிநோய் ஊசி வேண்டும். கடைசி இரண்டு மூன்று வருஷம் அதற்குக் கண் தெரியாது, காது கேட்காது, சில நாள் படுத்த இடத்திலேயே ஈரமாக்கும். அப்போது துடைத்துவிட ஒரு ஆள் வேண்டும். இவ்வளவும் உங்கள் வீட்டில் உண்டு என்றால் கொண்டு போங்கள். இல்லையென்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.