மைனஸ் 40 டிகிரியிலிருந்து ஒரு விண்ணப்பம்

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் மாண்புமிகு மேலாளர் அவர்கள் சமூகத்துக்கு,

செஞ்சி வட்டம், தளவானூர்ப் பனிப்பிரதேசத்திலிருந்து அடியேன் எழுதிக்கொள்வது. கத்திரி வெயிலில் மல்லாட்டை காயும் களத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை என்று இங்கே ஊரார் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். என் காரின் கூலன்ட் மைனஸ் 40 டிகிரியில் இருப்பதாகத் தங்கள் ஸ்கேனரே காட்டிவிட்டது. செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒத்துப்போகும் ஒரே எண் அதுதான் என்பதால் அளவு மாறிவிட்டது என்று வாதாடவும் வழியில்லை. உடனே பரணிலிருந்து கம்பளியை இறக்கச் சொல்லிவிட்டேன்.

நேற்று தங்கள் ஏசி ஹாலில், காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி அட்வைசர் தம்பி கேட்டார்: "கிராமத்துப் பக்கம் கேன்ல பெட்ரோல் வாங்கி ஊத்துவீங்களா சார்? அதான் இன்ஜின் கம்ப்யூட்டரே போயிடுச்சு." பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். எஸ்டிமேட்டை நீட்டினார்கள். தொகையைப் பார்த்த பிறகுதான் எனக்கே மைனஸ் 40 உறைத்தது.

இதற்கு முன்பும் தாங்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஃபேன் நிற்காமல் ஓடுகிறது என்றேன், பேட்டரியை மாற்றினீர்கள். கரும்புகை என்றேன், இன்ஜெக்டர் க்ளீனிங். மைலேஜ் போச்சு என்றேன், தெர்மோஸ்டாட். செக் இன்ஜின் விளக்கு மட்டும் கார்த்திகை தீபமாக அணையாமல் நின்றது.

கம்ப்யூட்டரின் மேல் குற்றமில்லை. இன்ஜின் உறைந்து கிடக்கிறது என்று கூலன்ட் சென்சார் சொன்னால், பாவம், அது நம்பிப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். தகவல் சரியில்லை என்று சந்தேகம் வந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை ஓடவிடும். சந்தேகப்படும் அளவுக்கு அதற்கு அறிவு இருந்தது. தங்கள் வளாகத்தில் அது ஒன்றுக்குத்தான் இருந்தது.

செஞ்சியில் புளியமரத்தடியில் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பி 0118 என்ற கோடைப் பார்த்தார். கூலன்ட் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்றுதான் அது சொல்கிறது; எதை மாற்றுவது என்று சொல்வதில்லை. சென்சாரின் கப்ளரை உருவினார். ஸ்கேனரில் அதே மைனஸ் 40. "உருவுனா என்ன காட்டணுமோ, மாட்டியிருக்கும்போதும் அதத்தான் சார் காட்டுது." பிறகு துண்டு வயர் ஒன்றால் கப்ளரின் இரண்டு பின்னையும் சேர்த்தார். எண் ஒரே தாவாக 130-ஐத் தாண்டியது. வயரிங் சரி, தாங்கள் தூக்கிப் போடச் சொன்ன கம்ப்யூட்டரும் சரி.

புதுச் சென்சார் சில நூறு ரூபாய். டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி வந்து, அதன் முனையை முக்கி மல்டிமீட்டர் வைத்தார். குளிர்ந்திருந்தபோது இரண்டாயிரம் ஓம்ஸுக்கு மேல் காட்டியது, சூடு ஏற ஏற முந்நூறு பக்கம் இறங்கியது. பழையதைப் பிறகு கழற்றி முக்கியபோது மீட்டரில் அசைவே இல்லை. தளவானூர்க் குளிர் அப்படி! இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவிடவில்லை. பழையதைக் கழற்றிய கையோடு புதியதைப் பூட்டினார், சிந்திய கூலன்டை ஊற்றிச் சரிக்கட்டினார், ஏர் எடுத்தார், கோடை அழித்தார். ஃபேன் நின்றது.

எங்கள் ஊர்ப் பாறையைக் குடைந்து சத்ருமல்லேசுவரம் எடுத்தவர் மகேந்திரவர்மப் பல்லவர். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் அமைத்ததாக மண்டகப்பட்டில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். தாங்களோ மல்டிமீட்டர் இல்லாமல், வெந்நீர் இல்லாமல், கப்ளரைத் தொடாமலே இவ்வளவு பெரிய பில்லை எழுப்பிக் காட்டியிருக்கிறீர்கள். பல்லவர் கைகூப்ப வேண்டும்.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன். "ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள். என் காசில் வாங்கிய பேட்டரியை என்னைக் கேட்காமல் எவன் ஸ்க்ராப்புக்குப் போட்டான்? என்ன கோளாறு என்று பார்க்காமலே ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்து, ஒவ்வொன்றுக்கும் லேபரும் ஜிஎஸ்டியும் போட்டு வாங்கினீர்களே, அது திருட்டு. அதோடு நிற்காமல், நான் பெட்ரோலில் கலப்படம் செய்கிறவன் என்று சபையில் சொன்னீர்கள்.

மன்னிக்க வேண்டும். இந்தக் குளிரில் நாக்கு மரத்து வார்த்தை தடித்துவிட்டது.

இன்று காலை தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை அழைத்து, "பத்துக்குப் பத்து குடுத்திடுங்க சார், இல்லன்னா எங்க சம்பளத்துல கை வைப்பாங்க" என்று கெஞ்சியது. அந்தப் பிள்ளைக்காகப் பத்து கொடுத்தேன். தங்களுக்கான எண் மேலே பலமுறை வந்துவிட்டது.

பேட்டரி, தெர்மோஸ்டாட், இன்ஜெக்டர் க்ளீனிங் மூன்றுக்கும் வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுக்கத் தயவு கூர வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்கள் பனிப்பிரதேசத்துக்கும் செல்லும் என்று 1915 உதவி எண்ணில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பில்களின் நகலும் பழுதான சென்சாரும் என்னிடம் உள்ளன. சென்சாரைத் தர மாட்டேன். ஸ்க்ராப்புக்குப் போய்விடும்.

இப்படிக்கு,
கம்பளிக்குள்ளிருந்து,
தங்கள் வாடிக்கையாளர்,
தளவானூர்.